பாராங் கத்தியின் பிடி சொல்லும் வரலாறு



எந்தக் கருவிக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று வேலை செய்யும் பகுதி. மற்றொன்று கை பற்றும் பகுதி. வாளைப் பற்றி எழுதியவர்கள் அலகின் கூர்மையை எழுதினார்கள். துப்பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் குழலையும் குண்டையும் எழுதினார்கள். பிடியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. ஆனால் கருவிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பு அந்தப் பிடிதான். பிடி நழுவினால் கூர்மையான அலகு எதிரியை விட்டுவிட்டு உரியவனையே வெட்டிவிடும்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டான்: “சார், இப்போது கைத்துப்பாக்கியைக்கூட பிளாஸ்டிக்கில் செய்கிறார்களாமே? சூடு பட்டால் உருகிவிடாதா?” திரைப்படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறான் என்று ஒதுக்கிவிடக்கூடிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் போனால், பாதை ஐரோப்பாவின் ஆயுதத் தொழிற்சாலைகளைக் கடந்து, 1842ஆம் ஆண்டுச் சிங்கப்பூருக்கும் நம் ஜொகூர்க் காடுகளுக்கும் வந்து சேர்கிறது. சூடு காட்டினால் இளகி, கையின் வடிவத்தை வாங்கிக்கொண்டு, ஆறியதும் இறுகிவிடும் பிடியை நம் மண்ணின் மக்கள் அதற்கு முன்பே செய்து வைத்திருந்தார்கள். மாசாயில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

பிடிக்கு வேண்டிய மூன்று குணங்கள்

ஒரு பிடிக்கு மூன்று குணங்கள் வேண்டும். கையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். வியர்வையிலும் மழையிலும் நழுவாத சொரசொரப்பு வேண்டும். வெயிலிலும் ஈரத்திலும் பிளக்காமல் இருக்க வேண்டும். உலகத்துக் கைவினைஞர்கள் அனைவரும் இந்த மூன்றையும் தேடித்தான் தத்தம் ஊரில் கிடைத்த பொருளைப் பயன்படுத்தினார்கள்.

மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்திக்குப் பிடியை ‘உலு’ என்பார்கள். மரத்திலும் தந்தத்திலும் கொம்பிலும் அதைச் செதுக்குவார்கள். ‘ஜாவா டெமாம்’ என்றொரு வகை உண்டு. காய்ச்சல் கண்ட ஜாவாக்காரர் குளிரில் குனிந்து ஒடுங்கி அமர்ந்திருப்பது போன்ற வளைவு அது. பெயரில் வேடிக்கை இருந்தாலும் அந்த வளைவு வெறும் அழகுக்காக அமைந்ததன்று. குத்தும்போது உள்ளங்கை பின்னால் நழுவாமல் தாங்கிக்கொள்வதும் அதுதான். ஜப்பானியர் தங்கள் வாளின் பிடியில் திருக்கை மீனின் தோலைச் சுற்றினார்கள். அத்தோலின் மேலுள்ள சிறு சிறு மணிகள் அதன்மேல் கட்டும் நாடாவை நகரவிடாது. தென்னிந்தியாவில் விசயநகரக் காலத்தில் புகழ்பெற்ற கட்டாரியின் பிடியோ குறுக்குக் கம்பியாக அமைந்தது. கையை மூடி அதைப் பற்றினால் முட்டிக்கு நேர் முன்னால் அலகு நிற்கும். முழங்கையின் வலிமை முழுவதும் குத்தில் இறங்கும்.

நம் நாட்டு வாள் செய்த கொல்லர்கள் மற்றொன்றையும் அறிந்திருந்தார்கள். அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி, இடைவெளியை அரக்கு போன்ற பிசினால் நிரப்புவார்கள். அரக்கு சூட்டில் இளகும்; ஆறியதும் கல்லாகும். அலகை மாற்ற வேண்டுமானால் மீண்டும் சூடு காட்டினால் போதும். சூட்டில் இளகி, குளிரில் இறுகும் பொருள் ஒரு கைவினைஞனுக்கு எவ்வளவு வசதியானது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அரக்கு எளிதில் நொறுங்கும். எனவே அதைப் பசையாகப் பயன்படுத்தினார்களே தவிர முழுப் பிடியையும் அதில் வார்க்கவில்லை. நொறுங்காத பிசின் ஒன்று கிடைத்தால்? அது நம் தீபகற்பத்துக் காட்டில் இருந்தது.

தாபான் மரம்

மலாய்க்காரர்கள் அம்மரத்தைத் ‘தாபான்’ என்றார்கள். அதன் பாலுக்குக் ‘கெத்தா தாபான்’ என்று பெயர். வணிகத்தில் ‘கெத்தா பெர்ச்சா’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. மலாய் மொழியில் ‘பெர்ச்சா’ என்றால் கந்தல், துண்டுத்துணி என்று பொருள். தமிழில் நாம் கட்டாப்பெர்ச்சா என்று எழுதுகிறோம்.

இம்மரம் நமக்கு அந்நியமான குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கோவில் விளக்குக்கு எண்ணெய் தரும் இலுப்பை, மணம் வீசும் மகிழம், உலக்கை செய்யப் பயன்பட்ட பாலை மரம், நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் சிக்கு எனப்படும் சப்போட்டா ஆகிய அனைத்தும் தாபானின் உறவினர்களே. இக்குடும்பத்து மரங்களைக் கீறினால் பால் வடியும்.

தாபான் பாலில் இருந்து கிடைக்கும் பிசின் அறை வெப்பத்தில் கெட்டியான தோல் போலவும் மரம் போலவும் இருக்கும். வெந்நீரில் போட்டால் களிமண்ணைப் போல் இளகும். அந்நிலையில் எந்த வடிவம் கொடுத்தாலும் ஏற்கும். ஆறிய பின் அவ்வடிவத்தை விடாது. காட்டில் மரம் வெட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தங்கள் பாராங் கத்திக்குப் பிடி செய்துகொண்டார்கள். இளகிய பிசினைக் கத்தியின் வாலைச் சுற்றிப் பொதிந்து கையால் அழுத்தினால் போதும். அவனவன் கைக்கு ஏற்ற பிடி அவனவனுக்குக் கிடைத்துவிடும். பிடி தேய்ந்துபோனாலோ கத்தி வேறு கைக்கு மாறினாலோ, மீண்டும் வெந்நீர். மீண்டும் புதிய வடிவம்.

1842ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மலாய் மரவெட்டி ஒருவரின் கையில் இத்தகைய பாராங்கைக் கண்டார். இது என்ன பொருள் என்று விசாரித்தார். வெந்நீரில் இளக்கி வடிவமைக்கும் முறையை அந்த உழைப்பாளி விளக்கினார். மருத்துவருக்கு உடனே வேறொரு சிந்தனை எழுந்தது. இரப்பரில் செய்த அறுவை மருத்துவக் கருவிகள் நம் ஊர் வெப்பத்தில் பிசுபிசுத்துக் கெட்டுப்போய்க்கொண்டிருந்த காலம் அது. இந்தப் பிசின் அவற்றுக்கு மாற்றாகுமா என்று எண்ணி, மாதிரிகளை வங்காள மருத்துவக் குழுவுக்கும் இலண்டனில் இருந்த கலைச் சங்கத்துக்கும் அனுப்பினார். அதே காலத்தில் சிங்கப்பூரில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவரும் வணிகருமான ஜோசே டி அல்மெய்டாவும் 1843இல் இலண்டனுக்கு மாதிரிகளைக் கொண்டு சேர்த்தார். கலைச் சங்கம் மாண்ட்கோமரிக்குத் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

இப்பொருள் ஐரோப்பாவுக்குப் போனது இதுவே முதன்முறையும் அன்று. சூடாக்கினால் எவ்வடிவத்துக்கும் வளையும் ‘மரம்’ ஒன்று ஜான் டிரேடஸ்கண்ட் என்பவரின் 1656ஆம் ஆண்டு அரும்பொருள் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அது கட்டாப்பெர்ச்சாவாகவே இருக்க வேண்டும் என்பது பலரின் கருத்து. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அது காட்சிப்பொருளாகவே கிடந்தது. அதைப் பயன்பாட்டுப் பொருளாக உலகுக்குக் காட்டியது பாராங்கின் பிடியே.

பதக்கம் பெற்றவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த மரவெட்டியின் பெயர் இல்லை. அவர் செய்த பிடியைத்தான் மருத்துவர் கண்டார்; அவர் சொன்ன செய்முறையைத்தான் மருத்துவர் எழுதி அனுப்பினார். மாண்ட்கோமரி தாம் அதை ஓர் உழைப்பாளியின் கையில் கண்டதாக நேர்மையுடன் பதிவு செய்திருக்கிறார். அதனால்தான் இந்த அளவாவது நமக்குத் தெரிகிறது. ஆயினும் “கண்டுபிடித்தவர் யார்?” என்று வினாத்தாளில் கேட்டால் எந்தப் பெயரை நம் பிள்ளைகள் எழுதுவார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரே பூ, இரண்டு மாலை

மாணவனின் கேள்விக்கு அறிவியல் பகுதியையும் பார்த்துவிடுவோம். பெற்றோர்கள் அஞ்ச வேண்டாம், எளிதாகவே சொல்கிறேன்.

சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகும்போது அதைப் பாலிமர், அதாவது பல்லுறுப்பி என்கிறோம். பிளாஸ்டிக் அனைத்தும் பல்லுறுப்பிகள். இயற்கையும் பல்லுறுப்பிகளைச் செய்கிறது. பால்மரத்து இரப்பரும் தாபான் பிசினும் அத்தகையவை. வியப்பு என்னவென்றால் இரண்டும் ஐசோப்ரீன் என்ற ஒரே உறுப்பால் ஆனவை. ஒரே பூவை இரண்டு விதமாகத் தொடுத்த மாலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரப்பரில் தொடுப்பு ஒரே பக்கமாக அமைவதால் சங்கிலி சுருண்டு சிக்கலான கூந்தலைப் போல் கிடக்கிறது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தாபான் பிசினில் தொடுப்பு எதிரெதிர்ப் பக்கமாக அமைவதால் சங்கிலி நேராக நீண்டு, அடுக்கி வைத்த வைக்கோல் கட்டைப் போல் நெருங்கிப் படிகிறது. எனவே அது கெட்டியாக இருக்கிறது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அந்த அடுக்கு கலைந்து பிசின் இளகுகிறது. ஆறினால் மீண்டும் அடுக்கிக்கொள்கிறது.

வீழ்த்தப்பட்ட மரங்கள்

இலண்டனில் 1845இல் கட்டாப்பெர்ச்சாவுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. குழாய், காலணி அடிப்பகுதி, பொம்மை, கோப்பை, கைத்தடிப் பிடி என எல்லாம் அதில் செய்யப்பட்டன. 1848 வாக்கில் கோல்ஃப் பந்தும் அதில் வந்தது. அந்தப் பந்தின் கதையில் நம் கட்டுரைக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வழவழப்பான புதுப் பந்தைவிட அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து நேராகவும் தொலைவாகவும் பறந்ததை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். அதன் பிறகு பந்தின் மேற்பரப்பில் வேண்டுமென்றே சுத்தியலால் கீறல் இடலாயினர். பொருளைப் போலவே அதன் மேற்பரப்பும் வேலை செய்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தார்கள்.

இங்கே நம் பக்கத்தில் நடந்தது வேறு. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் இருந்து ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயேங் இப்ராகிம், கட்டாப்பெர்ச்சா வணிகத்தைத் தம் கட்டுக்குள் கொண்டுவந்தார். காட்டை அறிந்த பூர்வகுடி மக்களும் மலாய்க்காரர்களும் சேகரித்துக் கொண்டுவந்த பிசின் அவர் வழியாகவே சந்தைக்குப் போனது. 1840களில் அவருடைய செல்வம் பெருகியதற்கு இவ்வணிகம் பெரும் காரணம். 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஜொகூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. அவருடைய மகன் அபு பக்காரின் காலத்தில் 1866இல் தலைநகரம் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றது. நவீன ஜொகூரின் தொடக்ககால வரலாற்றைப் படிக்கும்போது மிளகையும் கம்பீரையும் நினைவுகூர்கிறோம். தாபான் பிசினையும் அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்தச் செல்வத்துக்கு ஒரு விலை இருந்தது. தாபான் பால் பட்டையைக் கீறினால் தாராளமாக ஓடி வராது. சிறிது கசிந்து உறைந்துவிடும். ஆகவே மரத்தையே வெட்டிச் சாய்த்து, தண்டில் வளையம் வளையமாக வெட்டி, வடியும் பாலைச் சேர்த்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் தாமஸ் ஆக்ஸ்லி 1847இல் இதைக் கணக்கிட்டு எழுதினார். 1845 சனவரியில் இருந்து அவர் எழுதிய நாள் வரையில் சிங்கப்பூரில் இருந்து ஏற்றுமதியான அளவு 6,918 பிக்குல். ஒரு பிக்குல் என்பது ஏறத்தாழ 60 கிலோகிராம். ஒரு பிக்குலுக்குப் பத்து மரம் என்று கணக்கிட்டு, 69,180 மரங்கள் பலியாகியிருக்க வேண்டும் என்றார். மூன்று ஆண்டுகூட நிரம்பாத காலத்தின் கணக்கு இது. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்த் தீவில் இம்மரம் அரிதாகிவிட்டது. வெட்டும் கோடரி ஜொகூருக்கும், பிறகு தீபகற்பத்தின் வடக்குக்கும், சுமத்திராவுக்கும், போர்னியோவுக்கும் நகர்ந்தது.

கடலுக்கு அடியில்

இவ்வளவு பிசினும் பிடி செய்யவா போனது? இல்லை. மின்சாரத்தைக் கடத்தாத குணமும் கடல்நீரில் கெடாத குணமும் அதற்கு இருந்தன. 1847இல் வெர்னர் சீமென்ஸ் தந்திக்கம்பிக்கு இதை உறையாக்கினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே இதன் மின்காப்புத் தன்மையை விளக்கி எழுதினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தும் தந்திக்கம்பி நிலைபெற்றது. 1870இல் இங்கிலாந்து பம்பாயோடு இணைந்தது. தொடர்ந்து 1870-71இல் சென்னையில் இருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். நம் முன்னோர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிக் கடந்து வந்த அதே வங்கக் கடலின் அடியில், நம் தீபகற்பத்துக் காட்டு வகைப் பிசின் போர்த்திய கம்பி ஓடியது. தோட்டத் துரைமார்களின் விலைச் செய்திகளும் கப்பல் செய்திகளும் அதில் சென்றன. கப்பலேறி வந்தவர்களின் செய்திகளோ கடிதமாக மாதக்கணக்கில் அலைந்தன.

துப்பாக்கிப் பிடி

இனி மாணவனின் துப்பாக்கிக்கு வருவோம். 1839இல் சார்லஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டார். கந்தகத்தைக் கூட்டினால் கருங்காலி போன்ற கெட்டி இரப்பர் கிடைத்தது. அமெரிக்காவில் கோல்ட் நிறுவனம் 1880களில் தன் சுழல்துப்பாக்கிகளுக்கு இந்தக் கெட்டி இரப்பரில் பிடி பொருத்தத் தொடங்கியது. அதற்கு முன் மரப்பிடியில் சொரசொரப்பு வேண்டுமானால் கைவினைஞர் உளி கொண்டு குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இழைப்பார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சின்னஞ்சிறு கூம்புகள் எழும். அக்கூம்புகள் உள்ளங்கையில் பதிவதால் வியர்த்த கையிலும் பிடி நழுவாது. இது நுணுக்கமான, நேரம் பிடிக்கும் வேலை. அச்சில் வார்க்கும் பொருள் வந்ததும் ஒரே அழுத்தத்தில் அந்தச் சொரசொரப்பு விழுந்தது. பழம்பொருள் சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தப் பிடிகளைக் ‘கட்டாப்பெர்ச்சா பிடி’ என்றே அழைப்பதுண்டு. உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை கெட்டி இரப்பரே. பொருள் மாறிய பின்னும் நம் மரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிடி மட்டுமன்றிச் சட்டகம் முழுவதையும் செயற்கைப் பல்லுறுப்பியில் வார்த்த கைத்துப்பாக்கியை ஜெர்மனியின் ஹெக்லர் கோக் நிறுவனம் 1970இல் வெளியிட்டது. 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட க்ளாக் துப்பாக்கி அம்முறையை உலகெங்கும் பரப்பியது. அதன் சட்டகம் நைலான் வகையைச் சேர்ந்தது. குழலும் மேற்பகுதியும் எஃகு. எடையில் பெரும்பகுதியும் எஃகே. எனவே சுடும்போது எழும் வெப்பத்தைத் தாங்குவது எஃகுதான். கை பற்றும் பகுதி மட்டுமே பிளாஸ்டிக். மாணவனின் ஐயத்துக்கு நேர் விடை இதுதான். விமான நிலையக் கருவிகளுக்கு அகப்படாத பிளாஸ்டிக் துப்பாக்கி என்று 1980களில் பரவிய அச்சத்துக்கும் இதுவே விடை.

ஆனால் வார்ப்பில் ஒரு குறை உண்டு. ஓர் அச்சில் இருந்து ஒரே அளவுப் பிடிதான் வரும். கைகளோ பல அளவு. சிறிய கை கொண்ட காவலருக்கு அது பெரிது. வியர்க்கும் கைக்கு அது வழுக்கும். ஆகவே மேலைநாடுகளில் வார்த்த பிடியை மீண்டும் சூட்டால் இளக்கி வடிவம் திருத்தவும், மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு ஏற்றவும் தொழில்வல்லோர் சிலர் தலைப்பட்டார்கள். பிறகு நிறுவனங்களே பின்புறத் தகட்டை மாற்றிக் கைக்கேற்றவாறு பொருத்தும் வகைகளைக் கொண்டுவந்தன. சூடு காட்டி இளக்கு. கைக்கேற்ற வடிவம் கொடு. நழுவாத பரப்பை உண்டாக்கு. 1842இல் பாராங் பிடியைக் காட்டி அந்த மரவெட்டி விளக்கியதும் அடிப்படையில் இதுவே அல்லவா?

நம் நாட்டில் சுடும் ஆயுதங்களுக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டு கடுந்தண்டனைச் சட்டமும் உண்டு. உரிமம் இன்றி அவற்றை வைத்திருப்பதே பெருங்குற்றம். பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்லுங்கள். வரலாற்றை அறிவது ஆயுதத்தை விரும்புவதற்காக அன்று.

சாய்த்த மரமும் சீவிய மரமும்

தாபானின் கதையோடு நம் கதையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1877இல் பால்மரக் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அங்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் செம்மைப்படுத்தினார். சீவிய பட்டை மீண்டும் வளரும். ஒரே மரம் பல ஆண்டுகள் பால் தரும்.

அந்த முறை தோட்டத்தில் வெற்றி பெறுவதற்கு ஒரு திறமையான கை வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்ணாகும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. விடியற்காலை இருட்டில், தலையில் விளக்குடன், நூற்றுக்கணக்கான மரங்களை இந்த அளவு தவறாமல் சீவிய கைகள் பெரும்பாலும் நம் பாட்டிமார்களின், தாய்மார்களின் கைகள். அவர்களுடைய கத்தியின் பிடியைப் பார்த்திருக்கிறீர்களா? பழந்துணி சுற்றியிருப்பார்கள், அல்லது பழைய மிதிவண்டி டியூபைக் கீறி இறுகச் சுற்றியிருப்பார்கள். பாலும் பனியும் பட்டு ஈரமான கையில் கத்தி நழுவாமல் இருக்க அவர்களாகவே கண்ட வழி அது. அவர்கள் சீவிய மரத்தின் பாலே தொழிற்சாலை சென்று, டியூபாகத் திரும்பி வந்து, அவர்கள் கத்திக்கே பிடியாயிற்று.

தாபான் மரவெட்டியின் பெயரை வரலாறு எழுதவில்லை. பால்மரம் சீவிய நம் முன்னோர்களின் பெயரையும் அது எழுதவில்லை. கங்காணியின் பெயரேட்டில் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டபோது ஏடும் போயிற்று. அவர்களின் கைத்திறனை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

நம் வாசலில்

கட்டாப்பெர்ச்சாவின் ஆட்சி பாலிஎதிலீன் வந்ததும் முடிந்தது. 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. சில ஆண்டுகளில் கடலடிக் கம்பிகளுக்கு அதுவே உறையாகிவிட்டது. தாபான் பிசினுக்கு இன்று எஞ்சியிருக்கும் முக்கியப் பயன் பல் மருத்துவத்தில்தான். பல்லின் வேர்க்குழாய்ச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் உள்ளே நிரப்புவது பெரும்பாலும் அதையே.

அந்தப் பாலிஎதிலீன், 1990களில் இருந்து நம் அண்டை வீடான பாசிர் கூடாங்கிலேயே உற்பத்தி செய்யப்படலாயிற்று. 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு தோட்டங்கள் இருந்த இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. மாசாய்ப் பிள்ளைகள் பலரின் பெற்றோர்கள் அங்கு வேலை பார்க்கிறார்கள். இயற்கைப் பல்லுறுப்பியின் காட்டில் இருந்து செயற்கைப் பல்லுறுப்பியின் தொழிற்பேட்டைக்கு இந்த மண் வந்து சேர்ந்த தூரம் சில கிலோமீட்டர்தான்.

அதற்கும் ஒரு விலை உண்டு என்பதை 2019 மார்ச்சு மாதம் நாம் கண்டோம். சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவின் நச்சுக்காற்றால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுள் பள்ளிப் பிள்ளைகள் பலர். வட்டாரத்தின் 100க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. பழைய டயர்களைப் பதப்படுத்தும் தொழிலோடு தொடர்புடைய கழிவு என்று அப்போது செய்திகள் கூறின. 1847இல் ஆக்ஸ்லி மரங்களை எண்ணினார். 2019இல் மருத்துவமனைகள் பிள்ளைகளை எண்ணின. ஒரு பொருளின் பயனைக் கற்பிக்கும்போது அதன் விலையையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அருகில் இருக்கும் பாடம் நமக்கு வேண்டியதில்லை.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாகிவிட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடமும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க இப்பொருள் ஏற்றது. நான் பரிந்துரைப்பவை இவை.

முதலாவது, வீட்டில் இருக்கும் ஐந்து கருவிகளின் பிடியை மாணவர்கள் வரைந்து வரட்டும். அது எப்பொருளால் ஆனது, எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் அங்கே தேய்ந்தது என்று எழுதட்டும். தேய்மானம் என்பது கை எழுதிய வரலாறு.

இரண்டாவது, தாத்தா பாட்டியிடம் அவர்கள் பயன்படுத்திய கத்தி, மண்வெட்டி, அரிவாள் ஆகியவற்றின் பிடியைப் பற்றிக் கேட்டு எழுதி வரட்டும். கேட்ட நாளையும் சொன்னவரின் பெயரையும் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். பெயரை எழுதும் பழக்கம் இங்கிருந்து தொடங்கட்டும்.

மூன்றாவது, பெற்றோர்களுக்கு. முதலாம் ஆண்டுப் பிள்ளையின் எழுத்து கோணலாக இருந்தால் கையைக் குறை சொல்வதற்கு முன் பென்சிலைப் பாருங்கள். சின்னக் கைக்கு மெல்லிய, வழுக்கும் பென்சில் ஒரு சுமை. முக்கோண வடிவப் பென்சிலோ, மென்மையான இரப்பர் உறையோ மாட்டிக் கொடுத்துப் பாருங்கள். கருவி கைக்குப் பொருந்த வேண்டும். கையைக் கருவிக்கு வளைப்பது முறையன்று. காட்டில் இருந்த அந்த மரவெட்டி இதை அறிந்திருந்தார்.

இது குறித்து உங்கள் தோட்டத்து அனுபவங்களும், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன செய்திகளும் இருந்தால் எழுதுங்கள். அவற்றைப் பெயரோடு தொகுத்து மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்.

அன்புடன், மாசாயிலிருந்து.